கடைக்குட்டித் துறைமுகம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் நடக்கச் சொன்னாராமே. "நடந்தா தேஞ்சுடும்" என்று அம்மா சொல்வதைக் கேட்டு நீயும் விட்டுவிடாதே. தேய்வதற்கு அது செருப்பில்லை.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். அலுவலகத்தில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்க்கா" என்பாய். வீட்டில் கூப்பிட்டால் அம்மா பிடுங்கிக்கொள்வாள். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். தூர்வாரும் கப்பல் எங்கள் பக்கம் எப்போது வரும்? போன வருடமும் வரவில்லை, அதற்கு முந்தின வருடமும் வரவில்லை. நேற்று ஓர் உரக் கப்பலை உள்ளே கூட்டிவரப் போனேன். கயிற்று ஏணியில் ஏறி மேலே போனதும் அந்தக் கேப்டன் கேட்ட முதல் கேள்வி, "உங்க கால்வாய் நல்லா இருக்கா?" என்பதுதான். என் உடம்பை விசாரிப்பது போல அக்கறையாகக் கேட்டார். சிவப்பு மிதவையைத் தாண்டி வளைவில் திரும்பும்போது, சேற்றில் கால் வைத்தவன் மாதிரி கப்பல் திடீரென்று மந்தமாகிவிட்டது. அடியில் வண்டல். கேப்டன் என்னைப் பார்த்தார். நான் முன்னால் பார்த்துக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்றேன். வந்து சேர்ந்துவிட்டோம். பாதிச் சரக்கோடு வந்ததால் சேர்ந்தோம். மீதிப் பாதியைப் பெரிய துறைமுகத்தில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். அது லாரியில் வரும். அந்தக் கூலியை யார் தலையில் வைப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

உன் அத்தான் நலம். இரண்டு புது லாரி வாங்கியிருக்கிறார், நீளமான வகை. நம் தெருமுனையில் திருப்புவதற்குள் மூன்று வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்குகிறார்.

தேதியை மட்டுமாவது எழுது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு வரியைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் கோபத்திலேயே தெருக்கோடி வரை நடந்து போய்வந்தாள். ஆக, உன் வைத்தியம் பலித்தது. எனக்கும் சளி போய்விட்டது.

தூர்வாரும் கப்பலின் அட்டவணை இன்னும் முடிவாகவில்லை. அதைத் தயாரிப்பது என் மேசைதான் என்றாலும், முடிவு என் மேசையில் இல்லை. துறைமுக வாரியத்திடம் துறைமுகங்கள் ஏழு, தூர்வாரும் கப்பல் ஒன்று. மூத்தவன் சம்பாதித்துத் தம்பிகளுக்குச் சோறு போடும் குடும்பம் மாதிரிதான் இது நடக்கிறது. பெரிய துறைமுகத்தின் வருமானத்தில்தான் மற்ற ஆறும் பிழைக்கின்றன. உன்னுடையதை இங்கே "கடைக்குட்டி" என்பார்கள். செல்லமாகத்தான்.

இப்போது மூத்தவனுக்கே மூச்சு வாங்குகிறது. வெளியே கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நூல் வராமல் ஆலை நிற்கிறது, இயந்திர உதிரிகள் வராமல் தொழிற்சாலை நிற்கிறது. மூத்தவன் படுத்துவிட்டால் யாருக்குமே சோறில்லை என்பது மேலே உள்ளவர்கள் வாதம். அதில் பொய் ஒன்றும் இல்லை அக்கா.

அத்தானுக்கு எதற்கு அவ்வளவு நீள லாரி? கப்பல் நிற்கும் ஜெட்டியிலிருந்து மாவு மில்லுக்கு ஓடச் சின்ன வண்டி போதுமே. சும்மாதான் கேட்டேன்.

ஏணியில் ஏறும்போது பார்த்து ஏறு.

உன் தம்பி

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நடக்கிறாள் என்று படித்ததும் எனக்கே முழங்கால் வலி குறைந்தது போல இருந்தது. உன் சளி திரும்பி வராமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி எனக்கு இங்கே கிடைத்தது. எங்கள் துறைமுகத்தை மூடப் போகிறீர்களாம். மீன்பிடிப் படகுகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, சரக்கு முழுவதையும் பெரிய துறைமுகத்தில் இறக்கிச் சாலை வழியாகக் கொண்டுவரப் போகிறீர்களாம். யார் சொன்னது என்று கேட்காதே. நம்பக்கூடிய ஆள்தான்.

உன் மேசையைத் தாண்டாமல் இப்படி ஒரு கோப்பு போகுமா? போகாது. பரவாயில்லை, சொல்ல முடியாததை நீ சொல்ல வேண்டாம். நான் சொல்வதைக் கேள். தூர்வாரவில்லை, அதனால் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்ததால் கப்பல் பாதிச் சரக்கோடு வருகிறது. பாதிச் சரக்கோடு வருவது கட்டுப்படியாகாததால் கப்பலே குறைகிறது. கப்பல் குறைந்துவிட்டதால் இந்தத் துறைமுகம் தேவையில்லை என்கிறீர்கள். ஒருவனைப் பட்டினி போட்டுவிட்டு, இளைத்துவிட்டான், இனி இவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று கணக்கு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

மூடத்தான் வேண்டும் என்றால் மூடட்டும். ஆனால் இங்கே வந்து, கால்வாயைப் பார்த்து, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மூடட்டும். அதுவரை நான் சும்மா இருக்க மாட்டேன்.

லாரி விஷயத்தை உன் அத்தானிடமே கேள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உனக்குப் புரிந்திருக்கும். முடிவாகாத விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. இன்று அறிவிப்பு செய்தித்தாளில் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மை. ஜூன் மாதம் உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். வாரியத் தலைவரே வருகிறார். கண்டிப்பான அம்மையார், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். ஊரில் யார் வேண்டுமானாலும் பேசலாம். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டாக இருந்தாலும் நீயும் ஊர்க்காரிதான், தடையில்லை.

உன் தம்பியாக ஒன்று சொல்கிறேன். அந்த அம்மையார் முன்னால் ஊர்ப் பெருமை எடுபடாது. "எங்க தாத்தா காலத்துல" என்று யாராவது ஆரம்பித்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். என்ன சரக்கு வரும், யார் வாங்குகிறார்கள், கடல் வழி அடைபட்டால் அந்தப் பொருள் யார் வீட்டில் குறையும் என்று சொல்லக்கூடியவர்களைக் கூட்டிக்கொண்டு வா. அழுகைக்கு அங்கே மதிப்பில்லை. சரக்குக்கு உண்டு.

உங்கள் ஊரிலிருந்தே மனுக்கள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன. அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

அம்மா நலம். அத்தானை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி

*

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வெயிலில் அலைந்து கறுத்துப்போயிருக்கிறேன், அவ்வளவுதான். அம்மாவை வெயிலில் நடக்க விடாதே.

நீ சொன்னபடி சரக்கைத் தேடிக் கிளம்பினேன். கப்பல் இல்லாத நாளெல்லாம் இதே வேலை. ஊரில் என்னை "ஏணியம்மா" என்பார்கள் என்று உனக்குத் தெரியும். இப்போது தூரத்தில் பார்த்தாலே, "ஏணியம்மா வர்றாங்க, ஏதோ கேட்கப் போறாங்க" என்று உள்ளே போய்விடுகிறார்கள்.

முதலில் மாவு மில் முதலாளி. புருவத்தில்கூட மாவு. உட்காரச் சொல்லி டீ கொடுத்துவிட்டு மனிதர் சொன்னதைக் கேள். "கோதுமை கப்பல்ல வந்தா எனக்கு லாபம் ஏணியம்மா. லாரில வந்தா வெலைய ஏத்திடுவேன், அதுலயும் எனக்கு நஷ்டம் இல்ல. நஷ்டம் ரொட்டி வாங்குறவனுக்கு."

"இதையே கூட்டத்துல சொல்லுங்களேன்."

"அதச் சொல்லிட்டு நான் ஊருக்குள்ள எப்படி நடக்குறது?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. மூன்று முறை போய்ச் சம்மதம் வாங்கிவிட்டேன். ஓட்டுத் தொழிற்சாலைக்காரர் கேட்ட உடனே ஒப்புக்கொண்டார். அவர் ஓடுகள் கடல் தாண்டிப் போகின்றன. "லாரில அவ்வளவு தூரம் போனா ஓடு போய்ச் சேராதும்மா, சில்லுதான் போய்ச் சேரும்" என்றார். விவசாயக் கூட்டுறவுச் செயலாளர் ஒரு பெண். அதிகம் பேசாதவள். என்னைக் கிடங்குக்குள் கூட்டிப் போய்க் காலி இடத்தைக் காட்டினாள். "விதைப்புக்கு முன்னாடி வந்தாத்தான் இது உரம். பின்னாடி வந்தா வெறும் மூட்டை" என்றாள். அந்த வாக்கியத்தை அப்படியே கூட்டத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

லாரி உரிமையாளர் சங்கத்துக்கு நான் போகவில்லை.

வீட்டில் எல்லாம் அப்படியேதான். லாரி ஷெட்டில் வேலை அதிகம் என்று உன் அத்தான் அங்கேயே தங்கிக்கொள்கிறார். எனக்கும் வசதிதான், ஒருத்திக்குச் சமைப்பது சுலபம்.

உன் அக்கா

*

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரிகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளாகவே, "மாப்பிள்ளையப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டாள். வேலை அதிகமாம் என்றேன். என்னைப் பார்த்துவிட்டுக் கீரையை ஆய்ந்தாள். நீ சாப்பிடுகிறாயா?

இங்கே ஒரு மாற்றம். மேலதிகாரி கூப்பிட்டு, "அங்க இருக்குற பைலட் உங்க அக்காவாமே?" என்றார். "ஆமா சார். கோப்ப வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க, அதுதான் முறை" என்றேன். அவருக்கு நிம்மதி, எனக்கும்தான். அட்டவணை வேலை போய்ப் பண்டகசாலைப் பிரிவுக்கு வந்திருக்கிறேன். வண்ணப்பூச்சு டப்பாக்களுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டத்துக்கு நான் வர மாட்டேன்.

கோப்பு கையை விட்டுப் போனதால் இனி என் சொந்தக் கருத்தைச் சொல்லலாம். துறைமுகத்தின் நஷ்டம் எங்கள் வாரியத்தின் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. சரக்கெல்லாம் சாலைக்குப் போனால் சாலையும் பாலமும் தேயும். அந்தச் செலவு வேறொரு துறையின் தலையில் விழும். இந்தத் துறைக்கு மிச்சம், அந்தத் துறைக்குச் செலவு. நாட்டுக்கு எது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு தனி முதலாளி அதைப் பார்க்க வேண்டியதில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் வாரியம் பார்க்க வேண்டும். அதற்காகத்தானே ஏழும் ஒரே வாரியத்தின் கீழ் இருக்கின்றன? இதை அந்த அம்மையாரிடம் கேள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை, கயிறு எண்ணுவதற்குக் கீழே இங்கே வேறு வேலை கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். கூட்டம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாக இருக்கும், டீயை வைத்துக்கொண்டு படி.

பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில்தான் நடந்தது. உட்கார இடமில்லை. மேடையில் உங்கள் தலைவர் அம்மையாரும் இரண்டு அதிகாரிகளும். மில் முதலாளி எழுந்து, ஊரே கேட்க அந்த ரொட்டி விஷயத்தைச் சொன்னார். யாரும் அடிக்கவில்லை. கூட்டுறவுச் செயலாளர் பேசினாள், ஓட்டுத் தொழிற்சாலைக்காரர் பேசினார். சாலையையும் பாலத்தையும் பற்றிய உன் கேள்வியை நான் கேட்டேன். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

அதன் பிறகு லாரி உரிமையாளர் சங்கத்தின் சார்பில் பேச உன் அத்தான் எழுந்தார்.

ஆமாம் தம்பி. அவர்தான். மூட வேண்டும் என்று முதலில் மனுப் போட்டதும் அவர்கள்தான்.

நன்றாகவே பேசினார். பொய்யாக ஒரு வார்த்தை இல்லை. "கப்பல் வந்தா எங்களுக்கு வேல, வரலைன்னா இல்ல. மாசத்துல பாதி நாள் எங்க ஓட்டுநருங்க ஷெட்டுல தாயம் வெளையாடுறாங்க. சாலை வழின்னா வருஷம் பூரா வண்டி ஓடும். கடல நம்பி எத்தன நாளைக்கு வானத்தப் பாத்துக்கிட்டே இருக்குறது?" என்றார். பின்வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். அவர்கள் பிள்ளைகளை எனக்குத் தெரியும். என்னால் அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை.

அம்மையார் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க முகவரியும் பைலட்டோட முகவரியும் ஒண்ணா இருக்கே?" என்றார்.

"என் வீட்டுக்காரிங்க" என்றார் இவர்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. "அப்போ வீட்டுல யாரு ஜெயிச்சீங்க?" என்றார் அம்மையார். இவர் உட்கார்ந்துவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அம்மையார் என் பக்கம் திரும்பினார். "முழுச் சரக்கோட ஒரு கோதுமைக் கப்பல் இப்போ கடல்ல காத்துக்கிட்டிருக்கு. தூர்வாராம, இருக்குற ஆழத்துலயே, கடல் தண்ணி ஏறுற நேரமாப் பாத்து அத உள்ள கொண்டுவர முடியுமா? முடியும்னா, இந்தத் துறைமுகத்துக்கு இன்னும் உயிர் இருக்குன்னு நான் எழுதறேன்."

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "முடியும்னு சொல்லுங்க ஏணியம்மா!" என்று யாரோ கத்தினார்கள். மில் முதலாளி கையைக் கூப்பினார். எனக்கும் சொல்ல ஆசைதான் தம்பி. நாக்கு நுனி வரை வந்தது. அந்த வளைவில் கப்பல் மந்தமானது நினைவுக்கு வந்தது. முழுச் சரக்கோடு அங்கே சிக்கினால் கப்பல் குறுக்கே நின்று கால்வாயை அடைத்துவிடும். அதில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

"முடியாதுங்க" என்றேன்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேங்க. பாதிச் சரக்குன்னா நாளைக்கே கொண்டுவரேன். முழுச் சரக்குன்னா அடி தட்டும். தூர்வாரிக் குடுங்க, கொண்டுவரேன். தூர்வாராம முடியாது."

கூடமே "அய்யோ" என்று முனகியது. ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே, "பைலட் பயப்படுறாங்க போல" என்றார். அப்போது பின்னாலிருந்து நாற்காலி கிறீச்சிடும் சத்தம். உன் அத்தான் எழுந்து நின்றார்.

"அவ முடியாதுன்னா முடியாதுங்க. நான் மூடணும்னு கேட்டு வந்தவன், அது வேற. ஆனா அவ பயந்துபோய்ச் சொல்றான்னு மட்டும் எழுதிடாதீங்க."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நேரே வெளியே போய்விட்டார். நான் வெளியே வந்து பார்த்தபோது லாரியும் இல்லை, அவரும் இல்லை.

தீர்ப்பு பிறகு வருமாம். அம்மாவிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்.

உன் அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தை முழுவதுமாக அம்மாவுக்குப் படித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி பிடிவாதம். அதான் நல்ல ஜோடி" என்றாள்.

அத்தானின் கையெழுத்தை மனுவில் பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டேன். உனக்குத் தெரியாது என்று நினைத்து மறைத்தேன். எனக்குத் தெரியாது என்று நினைத்து நீ மறைத்தாய். ஒரே பூசணிக்காயை இரண்டு பேரும் அவரவர் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"முடியாது" என்று நீ சொன்னது தலைமை அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. "எல்லாத் துறைமுகத்துலயும் எல்லாம் முடியும்னுதான் சொல்றாங்க, இந்த ஒரு ஊர்லதான் உண்மை கெடச்சது" என்று அம்மையார் லிஃப்டில் யாரிடமோ சொன்னாராம். அதனால் முடிவு உன் பக்கம் வரும் என்று நினைத்துவிடாதே. வருகிற மாதத்துக்கான தூர்வாரும் முறை தெற்கே உள்ள துறைமுகத்துக்கு. அங்கேயும் உன்னைப் போல ஒரு பைலட் காத்துக்கொண்டிருப்பார்.

அத்தான் வீட்டுக்கு வந்தாரா? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடு.

உன் தம்பி

*

செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நேரம்தான் இல்லை. அம்மாவுக்கு மருந்து தீர்வதற்குள் வாங்கிவிடு.

பெரிய துறைமுகத்திலிருந்து எங்களுக்குச் சரக்கு வரும் நெடுஞ்சாலைப் பாலம் விரிசல் விட்டதைச் செய்தியில் பார்த்திருப்பாய். கனரக வண்டி எதையும் விடவில்லை. உன் அத்தானின் நீள லாரிகள் இரண்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. ஒரு வாரத்தில் மில்லில் கோதுமை தீர்ந்தது. ரொட்டிக் கடையில் வரிசை. கூட்டுறவில் உரம் இல்லை. மழை தொடங்கிவிட்டது, விதைக்க வேண்டும். சரியென்று வாரியமே பெரிய துறைமுகத்து வரிசையிலிருந்து மூன்று கப்பல்களை எங்களிடம் திருப்பிவிட்டது. பாதிச் சரக்கோடுதான். ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே கொண்டுவந்தேன். இரண்டாவது கப்பலின் போது காற்று சரியில்லை. வெளியே நிறுத்திவைத்து மறுநாள்தான் கொண்டுவந்தேன். மில் முதலாளி ஜெட்டியில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். கப்பல் பத்திரமாக வந்ததும் அதே கையால் கும்பிட்டார்.

சரக்கு இறங்கிவிட்டது, எடுத்துப் போக வண்டி வேண்டுமே. துறைமுக வாசலில் அனுமதிச் சீட்டு கொடுக்க ஆள் போதாமல் நானும் உட்கார்ந்தேன். வரிசையில் மூன்றாவதாக உன் அத்தான். யாரிடமோ வாடகைக்கு எடுத்த பழைய சின்ன லாரி.

"பேரு?" என்றேன்.

"வெளையாடாத."

"பேரு சொன்னாத்தான் சீட்டு."

சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓரடி நகர்ந்தவர் திரும்பி, "காத்து அடிச்சப்ப வெளியவே நிறுத்திட்டியாமே?" என்றார். "ஆமா" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓட்டுநர்கள் யாரும் இப்போது தாயம் விளையாடுவதில்லை. மலையடிவாரம் வரை உரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

தூர்வாரும் கப்பலைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாயா? பாலம் சரியானதும் எங்களை மறந்துவிடுவார்களோ?

உன் அக்கா

*

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். இதை அவளே வேகமாக எழுதச் சொல்கிறாள்.

முடிவு வந்துவிட்டது. துறைமுகத்தை மூடவில்லை. மூன்று வருடத்துக்கு வாரியத்தின் கீழேயே இருக்கும், பிறகு மறுபடி பார்ப்பார்கள். தூர்வாரும் கப்பல் இந்த மாதமே வருகிறது. அதற்காகத் தெற்குத் துறைமுகத்தின் வேலையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். சந்தோஷப்படு, ஆனால் அந்தப் பைலட்டுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடு. அடுத்த வருடம் இரண்டாவது தூர்வாரும் கப்பல் வாங்க வேண்டும் என்று அம்மையார் நிதித்துறையோடு மல்லுக்கட்டுகிறார். சாலைத் துறையையும் கூட்டி வைத்து ஒரே கணக்காகப் போட்டால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாராம்.

என்னைப் பழைய மேசைக்குக் கூப்பிட்டார்கள். கயிறு எண்ணும் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். பாதியில் விட்டால் எவனாவது தப்பாக எண்ணுவான்.

உன் தம்பி

*

அக்டோபர் 27

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, வண்டிச் சீட்டுதான் எழுதுவேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள். அத்தையின் முழங்கால் தேவலையா? உன் உடம்பு எப்படி?

உன் அக்கா எழுதியிருக்க மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். தூர்வாரும் கப்பல் வந்து வேலை முடித்துவிட்டுப் போய்விட்டது. நேற்று முதல்முறையாக முழுச் சரக்கோடு கோதுமைக் கப்பல் வந்தது. பைலட்டைக் கொண்டுபோய் விடும் படகில் நானும் போனேன். படகுக்காரன், "அண்ணே, சட்டம் ஒத்துக்காது" என்றான். "ஒரு தடவ கண்ணால பாக்கணும்டா" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா எனக்கு ஒரு மிதவைச் சட்டையை மட்டும் எடுத்துப் போட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வேலையை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை மச்சான். ஏணி என்றால் ஏதோ வீட்டுப் பரணுக்குப் போடுகிற ஏணி என்றுதான் மனதில் இருந்தது. பக்கத்தில் போனால் கப்பல் அரண்மனைச் சுவர் மாதிரி நிற்கிறது. படகு ஒரு ஆள் உயரத்துக்கு ஏறுகிறது, இறங்குகிறது. மேலேயிருந்து ஒரு கயிற்று ஏணி ஆடுகிறது. இவள் படகு ஏறும் நேரம் பார்த்துச் சட்டென்று ஏணியைப் பிடித்துவிட்டாள். "ஏய், பார்த்து!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தாள். உச்சியில் போய்த்தான் கீழே பார்த்தாள். கையசைத்தாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது, சரியாகத் தெரியவில்லை. உப்புக் காற்றுதான்.

அந்தக் கப்பல் வளைவில் திரும்பி, எங்கும் தட்டாமல், நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி நிதானமாக உள்ளே வந்தது. ஜெட்டியில் எங்கள் வண்டிகள் வரிசையாக நின்றன. நீள லாரி ஒன்றை விற்றுவிட்டேன். இன்னொன்றை விற்க மாட்டேன். பாலம் திறந்ததும் அதை ஓட்டுவேன், சாலைக்கும் வேலை இருக்கிறது. சங்கத்தில் போய், கடலும் வேண்டும் சாலையும் வேண்டும் என்று சொன்னேன். பாதிப் பேர் திட்டினார்கள். திட்டட்டும். மூன்று வருடம் கழித்து அந்த அம்மையார் மறுபடி வருவார் இல்லையா, அப்போது எந்தப் பக்கம் எழுந்து நிற்பது என்று எனக்குத் தெரியும்.

நான் ஷெட்டில் தங்குவதில்லை. வீட்டில்தான் இருக்கிறேன். சமையல் இப்போது என் பொறுப்பு. அவள் கப்பலுக்குப் போகும் நாளில் விடிவதற்கு முன்பே எழுந்து நான்தான் டீ போட்டுக் கொடுக்கிறேன். சர்க்கரை கூடிவிட்டது என்று தினமும் திட்டு விழுகிறது. ஏணியில் ஏறுகிற கைக்குத் தெம்பு வேண்டாமா என்று நானும் குறைக்கவில்லை.

அத்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை வந்துபோ. இதோ அவள் வந்துவிட்டாள், யாருக்கு எழுதுகிறீர்கள் என்கிறாள். முடிக்கிறேன்.

உன் அத்தான்